பட்டத்தின் விலையும் ஒரு பாட்டில் தண்ணீரும்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்றுதான் பதில் வருகிறது, அதனால் மீட்டிங்கில் சௌக்கியமாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நீ அனுப்பிய கல்லூரிப் புத்தகம் வந்தது. வளங்குன்றா வளர்ச்சியில் முதுகலைப் பட்டம், இரண்டு வருஷம். அட்டையில் நாலு பிள்ளைகள் ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள், ஒருத்தர் நகத்திலும் மண் இல்லை. காகிதத்தை மிச்சம் பிடிப்பது எப்படி என்று வழவழப்பான காகிதத்தில் நாற்பது பக்கம் போட்டிருக்கிறார்கள், எவ்வளவு அக்கறை பார். கட்டணம் என் நாலு வருஷச் சம்பளம். உன் அப்பாதான் தெரியுமே, லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனுஷர், எதையும் பிரித்துப் பார்க்காமல் நம்பமாட்டார். முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "எல்லாம் போட்டிருக்கான், படிச்சு முடிச்சா என்ன வேலைன்னு மட்டும் காணோமே" என்றார். பாவம், செடி நடுகிற அவசரத்தில் மறந்திருப்பார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியில் கிடைத்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு இதில் சேரட்டுமா, சேமிப்பு கால்வாசிக்குத்தான் வரும், மிச்சத்துக்கு என்ன செய்வது என்று என்னைக் கேட்கிறாய்.

ஆளைப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறாய். அதே பட்டம் வாங்கிய ஒருத்தியோடு ஏழு மாதம் வேலை பார்த்தவள் நான். உன் வயதுதான். எங்கள் சாயத் தொழிற்சாலையில் சுற்றுச்சூழலைக் கவனிக்கும் அதிகாரி என்று சேர்த்து, ஒரு பச்சைச் சட்டையும் கொடுத்து, ஜெராக்ஸ் மெஷினுக்கும் துடைப்ப அலமாரிக்கும் நடுவில் உட்காரவைத்தார்கள். அன்றிலிருந்து அவள் பெயர் பச்சைச்சட்டை. சம்பளம் மேனேஜரின் டிரைவரைவிடக் குறைவு, அதை டிரைவரே வந்து ரொம்ப வருத்தப்பட்டுச் சொன்னார்.

எங்கள் சோதனைக்கூடத்து வழக்கம் ஒன்றை உனக்கு நான் சொன்னதேயில்லை. சாயக்கழிவுத் தொட்டித் தண்ணீரை மாதம் ஒருமுறை பாட்டிலில் பிடித்து அரசாங்கச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். பிடிப்பது நான். பாட்டில் நிறையக் கேன்டீன் குழாய்த் தண்ணீர், அதன்மேல் ஒரு கரண்டி தொட்டித் தண்ணீர், நம்புகிற மாதிரி இருக்க வேண்டுமே. மேனேஜர் சொல்லிக்கொடுத்த பக்குவம், இருபத்திரண்டு வருஷம் கை தப்பியதில்லை. போன மழைக்காலத்தில் முட்டிவலி மாத்திரை மயக்கத்தில் அந்தக் கரண்டியை மறந்துவிட்டேன். முடிவு வந்தது பார், அப்படியே குடிக்கலாம் என்கிற சுத்தம். மேனேஜர் பூரித்துப்போய் ஃப்ரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்.

பச்சைச்சட்டை அதை நின்று படித்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள். "அக்கா, கழிவுத் தண்ணியே இவ்ளோ சுத்தமா இருந்தா கேன்டீனுக்கு எதுக்குக்கா தனியா குழாய்?" என்றாள். நான் பாட்டில் கழுவுவதில் ரொம்ப மும்முரமாக இருந்தேன். அடுத்த மாதம் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "எந்தத் தண்ணிக்கா பிடிக்கப் போறீங்க?" என்று கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை, வெட்கமாகப் போய்விட்டது அம்மாடி. தொட்டியிலேயே முக்கிப் பிடித்தேன். அவள் அதற்கு ஒரு அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். பத்தாம் நாள் அதிகாரிகள் வந்து இரண்டு பிரிவுக்குச் சீல் வைத்தார்கள், பதினோராம் நாள் அவள் வேலை போயிற்று. என்னைப் பேக்கிங்குக்குத் தூக்கிப் போட்டார்கள். நாள் முழுக்க நிற்கிற வேலை, "முட்டிக்கு நல்ல எக்சர்சைஸ்மா" என்று மேனேஜர் அன்பாகச் சொன்னார். பச்சைச்சட்டை இப்போது வேறு ஊரில் இன்னும் குறைந்த சம்பளத்துக்குக் குப்பையை எடைபோட்டுக் கணக்கெடுக்கிறாளாம். கல்லூரிப் புத்தகத்தின் அட்டையில் இவள் படத்தைப் போட்டிருக்கலாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டேன், வேண்டாம் என்று சொல்லப்போகிறேன் என்றுதானே நினைக்கிறாய்? அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று எனக்கு வாசனையிலேயே தெரியும். நீ ஆறாவது படிக்கும்போது, தொழிற்சாலையைச் சோதிக்க வந்த அதிகாரி ஒருவரிடம் வாயைத் திறந்தேன். "பாட்டில் கழுவற வேலையைப் பாரும்மா" என்றார். நான் சொன்னபோது அது வம்பு, அவள் எழுதியபோது அது அறிக்கை. உன் பட்டத்துக்கு அந்த ஒரு மதிப்பு இருக்கிறது. வேறு லாபம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை, ஆனால் அது எனக்குக் கிடைக்காத லாபம்.

அதனால் சேர். ஆனால் வேலையை விடாதே. அதே புத்தகத்தில் முப்பத்தோராம் பக்கத்தில், யாரும் பார்த்துவிடக் கூடாது என்று பொடி எழுத்தில், மாலை வகுப்பு போட்டிருக்கிறது, கட்டணம் பாதி. தண்ணீர்ப் பரிசோதனை அதிலும் உண்டு, காற்றாலை பார்க்கும் வெளிநாட்டுச் சுற்றுலாதான் இல்லை. காற்றாலை எங்கும் ஓடிப்போகாது. அப்பாவும் பிரித்துப் பார்த்துச் சரி என்றுவிட்டார், வீட்டுச் செலவு அவர் பொறுப்பாம்.

நீ நினைத்தது எல்லாம் கைகூடி, நோய்நொடி இல்லாமல் இரு. விண்ணப்பத்துக்கு இருபதாம் தேதி கடைசி, வழக்கம்போலப் பத்தொன்பதாம் தேதி ராத்திரி தேடாதே. மாதாமாதம் என் சம்பளத்தை அனுப்புகிறேன், முதல் மாதத்தை இன்று போட்டுவிட்டேன். நீ இதுவரை படித்ததெல்லாம் நான் பொய்த் தண்ணீர் பிடித்து வாங்கிய சம்பளத்தில். இது நின்று சம்பாதித்தது, கூசாமல் கட்டு.

இப்படிக்கு,
உன் அம்மா