மவுஸ் ஏன் இடப்பக்கம் போனது?

தம்பி,

சாப்பாடு அடுப்பின் மேல் மூடி இருக்கிறது. சூடு பண்ணிச் சாப்பிடு. சாவி வழக்கமான ஆணியில்.

நேற்று நீ கத்தியதில் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. "டிராக்பேட் எல்லாம் சும்மா மெயில் பாக்குறவங்களுக்கு. வீட்டு பிளான் போடுறவனுக்கு மவுஸ்தான்"னு அடித்துச் சொன்னாயே, அது நிஜமா என்று பார்க்கத்தான் காலையில் உன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். மவுஸுக்குப் பதில் நான் வாங்கி வந்த டிராக்பேடில் விரலால் தடவி ஒரு சமையலறைச் சுவர் வரைந்து பார்த்தேன். நாலு தடவையும் சுவர் கோணிக்கொண்டு கூடத்துக்குள் போய் நின்றது. (பயப்படாதே, சேவ் பண்ணவில்லை.) சரி, வரைய மவுஸ்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிளானை நகர்த்தவும் பெரிதாக்கவும் இரண்டு விரலே போதும்டா, மணிக்கட்டு அசையவே இல்லை!

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. மவுஸ் கீபோர்டுக்கு இடப்பக்கம் கிடந்தது. நீ வலது கைக்காரன். எத்தனை நாளாக இப்படி? "வலியெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மா இரு அக்கா"ன்னு என்னிடம் ஏன் சொன்னாய்?

சாயங்காலம் ஐந்து மணிக்கு டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நேரே அங்கே வந்துவிடுவேன், நீயும் வா.

அக்கா

பி.கு.: மவுஸைத் தேடுகிறாயா? மேல் டிராயரில் இருக்கிறது. போன வருஷம் நான் வழுக்கி விழுந்தபோது கட்டிக்கொண்ட மணிக்கட்டுப் பட்டையில் சுற்றி வைத்தேன். பட்டை வலது கைக்கு. மவுஸ் எந்தக் கைக்கு வேண்டுமானாலும்.