இரண்டு ஆஸும் ஒரு கிறிஸ்மஸ் லீவும்

எட்டி,

இன்று காலை டியூட்டிக்குக் கிளம்பித் தலைவாரிக்கொண்டு நிற்கும்போது போன் சிணுங்கியது. நம்முடைய போக்கர் சீட்டாட்ட ஆப். "உங்கள் தோழி நீண்ட நாட்களாக மேசைக்கு வரவில்லை. அழைத்து வாருங்கள், இருபதாயிரம் சிப்ஸ் இலவசம்!" பட்டாசு வெடிக்கிற படம் வேறு. பக்கத்தில் முட்டம் பாறை மேல் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நீ இளிக்கிற அந்தப் பழைய போட்டோ.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஓசி சிப்ஸைக் கையால் தொடக்கூடாது என்பது நீ போட்ட சட்டம். உன்னைத் திரும்ப அழைத்துவர ஒரு வழி இருந்திருந்தால்கூட, வந்து உட்கார்ந்ததும் "அந்த இருபதாயிரத்த வேண்டாம்னு சொல்லு முதல்ல" என்றுதான் ஆரம்பித்திருப்பாய். செய்தியை அழித்துவிட்டேன். உன் போட்டோவை அழிக்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து கிளினிக் வருகிறவரை உன்னோடு பேசிக்கொண்டே வந்தேன். பேசியதை எழுதியும் வைக்கலாம் என்று தோன்றியது.

நாம் ஆடத் தொடங்கியது எவ்வளவு வெட்டித்தனமாக என்று நினைத்துப் பார். இந்தக் கல்ஃபில், முசஃபாவில் நம் கிளினிக்கைச் சுற்றி ஒர்க்‌ஷாப்பும் கேரேஜும்தான். வெல்டிங் வெளிச்சம் பட்டுக் கண் எரிகிறவர், கிரைண்டரில் விரலைக் கொடுத்தவர், வெயிலில் மயங்கி விழுந்தவர் என்று நாள் முழுக்க ஆள் வந்துகொண்டே இருக்கும். ரூமுக்கு வந்ததும் காலை நீட்டிப்போட்டுக்கொண்டு ஆளுக்கொரு போன். நீ, நான், கோட்டயத்து லிசி சேச்சி மூன்று பேரும் ஆடுவோம். நாகூர் ரஹ்மத் ஆட மாட்டாள். "சூதெல்லாம் ஹராம், நான் பார்க்க மட்டும்தான் செய்வேன்" என்பாள். பார்த்துக்கொண்டே மூன்று பேர் ஆட்டத்தையும் சேர்த்துத் திட்டுவாள்.

காசெல்லாம் கிடையாது. இந்த ஊரில் காசு வைத்து ஆடி மாட்டினால் வேலை, விசா இரண்டும் கலாஸ் என்று நமக்குத் தெரியும். ஆப் தருகிற பொய்க்காசு, வெறும் சிப்ஸ்தான். கையில் இரண்டு சீட்டு வரும், மேசையில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு ஒவ்வொன்றாகத் திறக்கும், திறக்கத் திறக்கப் பந்தயம் ஏறும். நம் கை தேறாது என்று தெரிந்தால் மடக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். ஒதுங்கத் தெரிந்தவனுக்குத்தான் இந்த ஆட்டம். நமக்கோ அதுதான் வராது. உயிர் ஊசலாடுகிற கேஸைக் கைவிடக்கூடாது என்று படித்து வந்தவர்கள் இல்லையா! ஒன்றுக்கும் உதவாத சீட்டை வைத்துக்கொண்டு, அடுத்த சீட்டில் பிழைத்துவிடும், அதற்கடுத்ததில் பிழைத்துவிடும் என்று கடைசிவரை காத்துக் கிடப்போம். லிசி சேச்சிதான் இதில் முதலிடம். நீ ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "சேச்சி, அது செத்து அரை மணிக்கூர் ஆச்சு. இனியும் நெஞ்சைப் போட்டு அமுக்காதீங்க."

சேச்சி தலையணையை உன்மேல் எறிந்தார். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே வந்துவிட்டது.

அந்த விளையாட்டு வினையானது கிறிஸ்மஸ் லீவால்தான். இன்சார்ஜ் மேடம் ஆகஸ்டிலேயே கூப்பிட்டு, மூன்று பேரில் ஒருத்திக்குத்தான் டிசம்பரில் லீவு, நீங்களே பேசி முடிவெடுத்து நவம்பர் கடைசியில் பேரைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். அதற்கு முன்பெல்லாம் நாம் பேரெழுதிக் குலுக்கிப் போட்டுத்தான் தீர்த்துக்கொள்வோம். போன இரண்டு தடவையும் சேச்சிக்கே விழுந்திருந்தது. அந்தக் கடுப்பில்தான் நீ சொன்னாய், "குலுக்கிப் போட்டா அது வெறும் அதிர்ஷ்டம் மக்கா. இந்தத் தடவை ஆடித் தீர்ப்போம். ஆனா ஒழுங்கா ஆடணும், கேட்டியா? பைசா மாதிரி நினைச்சு ஆடணும்."

"லீவு பைசாவவிடப் பெரிசு" என்றாள் ரஹ்மத். ஹராமா இல்லையா என்று கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, நடுவராக இருக்க மட்டும் சம்மதித்தாள்.

எனக்கு அந்த லீவு எவ்வளவு தேவை என்று உனக்குத் தெரியும். ஊரில் வீடு கட்டி முடிந்திருந்தது. என் எட்டு வருடத்துச் சம்பளம் அது. அஸ்திவாரத்திலிருந்து மாடிப்படிவரை போனில்தான் பார்த்திருக்கிறேன், ஒரு செங்கல்லைக்கூடக் கையால் தொட்டதில்லை. வீட்டுக்காரர் கடலுக்குப் போகாமல் கரையில் இருக்கிற வாரம் கிறிஸ்மஸ் வாரம்தான் என்பதால் சாமியார் வந்து மந்திரிக்கிற வீடு அர்ச்சிப்பும் பால்காய்ப்பும் கிறிஸ்மஸுக்கு மறுநாள் என்று முடிவாகியிருந்தது. என் வீட்டில் என் கையால் பால் காய்ச்ச வேண்டும். வேறு ஆசையே கிடையாது அப்போது.

உனக்கு அப்படிக் காரணம் எதுவும் இல்லை. "கிறிஸ்மஸுக்கு எங்க அம்மைக்கப் பக்கத்துல இருக்கணும், அவ்வளவுதான்" என்றாய். அதெல்லாம் ஒரு காரணமா என்று மனதுக்குள் நினைத்தேன்.

சட்டமெல்லாம் நீதான் போட்டாய். ஆளுக்குப் பத்தாயிரம் சிப்ஸ், ஆப்பில் யார் யாரோடோ ஆடலாம், தீர்ந்தால் வெளியே, கடைசிவரை நிற்பவளுக்கு லீவு. ஆப் தினமும் நீட்டுகிற பரிசை வாங்கக் கூடாது, காசு கொடுத்துச் சிப்ஸ் வாங்குவதைப் பற்றி நினைக்கவே கூடாது. எந்த மேசையிலும் இருப்பதில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் வைத்து உட்காரக் கூடாது. கூடினால் பெரிய மேசைக்குப் போகலாம், குறைந்தால் ரோஷம் பார்க்காமல் சின்ன மேசைக்கு இறங்க வேண்டும். ஒரே நாளில் மூன்று தரம் தோற்றால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போக வேண்டும். இதில் எனக்குப் பிடிக்காத சட்டம் அந்த ரோஷம் பார்க்காத சட்டம்தான். தோற்ற மேசையிலேயே உட்கார்ந்து விட்டதைப் பிடிக்கிற புத்தி எனக்கு. அந்த மூன்று மாதமும் நம் ரூமில் சாம்பாருக்கு வெங்காயம் குறைவே இல்லை, எல்லாம் நான் உரித்தது.

ஆனால் மெல்ல மெல்ல ஏதோ மாறியது. ஆட்டத்தைப் பற்றி வீடியோ பார்த்தோம், நூறில் எத்தனை தடவை இந்தக் கை ஜெயிக்கும் என்று கணக்குப் போட்டோம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து பழைய கைகளைப் பிரேதப் பரிசோதனை செய்தோம். பத்துக் கையில் எட்டை மடக்கப் பழகினேன். மடக்குவதில் ஒரு சுகம் இருக்கிறது என்பதை நான் கண்டுகொண்டதே அப்போதுதான். உன் சித்தி மகன் பைக் வாங்கக் கடன் கேட்டபோதும் நீ இதே கணக்குத்தான் பார்த்தாய். அவன் கேட்டது பெரிய தொகை, நீ அனுப்பியது சின்னது. "திரும்பி வந்தா சந்தோஷம், வராட்டா எனக்க சோத்துல மண்ணு விழாது" என்றாய். நான் யாருக்குக் கொடுத்தாலும் இன்றுவரை அப்படித்தான்.

சேச்சி அக்டோபரிலேயே செத்த கைகளுக்கு உயிர் கொடுத்துக் கொடுத்து ஓட்டாண்டியாகிவிட்டார். "போட்டே மோளே, நான் ஈஸ்டருக்குப் போகாம்" என்று ஈஸ்டர் லீவைப் பிடித்துக்கொண்டு சந்தோஷமாகவே விலகிக்கொண்டார். மிச்சம் நீயும் நானும். நவம்பர் கடைசி ஞாயிறு, கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து வந்து, அடுப்பில் மீன்குழம்பு கொதிக்கக் கொதிக்க, நமக்கு மட்டுமான ஒரு மேசையைத் திறந்தோம். கடைசி ஆட்டம் என்பதால் இருபதில் ஒரு பங்குச் சட்டத்தை ஒதுக்கிவிட்டு, சேர்த்து வைத்திருந்தது முழுவதையும் வைத்து நேருக்கு நேர். உன்னிடம் என்னைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்.

ஒரு மணி நேரம் போல ஆடியிருப்போம். அப்புறம் எனக்கு வந்தது அந்தக் கை. இரண்டு ஆஸ். இந்த ஆட்டத்தில் இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. நான் ஏற்றினேன், நீ அதற்கு மேல் ஏற்றினாய், நான் மொத்தத்தையும் வைத்தேன். நீ கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றாய். சீட்டுகள் திறந்தன. உன்னிடம் இரண்டு ராணி. நூறில் எண்பது தடவை நான் ஜெயிக்கிற கை. ரஹ்மத் அதற்குள் எனக்குக் கைகொடுக்க எழுந்து வந்துவிட்டாள். மேசையில் நான்கு சீட்டு திறந்தது, எதுவும் உனக்கு உதவவில்லை. என் மனம் அடுப்படியில் புதுப் பானையைத் தேடத் தொடங்கியிருந்தது.

ஐந்தாவது சீட்டு ராணி.

மூன்று ராணிக்கு முன்னால் இரண்டு ஆஸ் நிற்காது, என் சிப்ஸ் மொத்தமும் உன் பக்கம் போனது. என் போனில் ஆப் குதூகலமாக ஒரு பெட்டியைத் திறந்தது. பத்தொன்பது திர்ஹம் கட்டினால் சிப்ஸ் நிரப்பி உடனே மேசைக்குத் திரும்பலாமாம். "வாங்கிக்கோ மோளே, இது அநியாயம்" என்றார் சேச்சி. பேங்க் கார்டு பையில் இருந்தது. என் விரல் அந்தப் பச்சைப் பொத்தானுக்கு மேலேயே நின்றது. நீ என்னைத் தடுக்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தாய். நான் வாங்கியிருந்தால் நீ மறுபேச்சில்லாமல் உட்கார்ந்து ஆடியிருப்பாய், அது எனக்குத் தெரியும்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். எழுந்து போய் வெங்காயக் கூடையை எடுத்தேன்.

நீ பின்னாலேயே வந்தாய். "உனக்க கை நல்ல கை. நீ சரியாத்தான் ஆடின, தப்பே கிடையாது. கேட்டியா?" என்றாய்.

"வாய மூடிட்டுப் போ" என்றேன். கண்ணீருக்கு வெங்காயம் வசதியாக இருந்தது.

அப்புறம் ஒரு வாரம் உன்னிடம் நான் பேசியதெல்லாம், "மூணாம் பெட்டுக்கு டிரிப் முடிஞ்சது", "ஏழாம் பெட்டுக்குப் பிரஷர் பாக்கணும்", இவ்வளவுதான். நீயும் சளைக்காமல் "ஓகே சிஸ்டர்" என்று சல்யூட் அடிப்பாய். எட்டாம் நாள் அந்தச் சல்யூட்டில் எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது.

நீ கிறிஸ்மஸுக்குப் போனாய். மறுநாள் உன் ஊர் குளச்சலிலிருந்து பஸ் பிடித்து என் வீட்டுக்கும் போனாய், நான் கேட்காமலே. காலை டீ நேரத்தில் கிளினிக் பின்கட்டில் நின்று போனில் பார்த்தேன். சாமியார் தண்ணீர் தெளித்துக்கொண்டு போக, அவர் பின்னால் போனைத் தூக்கிக்கொண்டு நீ. என் மாமியார் பால் காய்ச்சினார். பொங்கும்போது பானைக்குப் பக்கத்திலேயே போனைக் கொண்டுபோய், "பாரு பிள்ளே, பொங்குது, பொங்குது!" என்று கத்தினாய். ஆவி பட்டு ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் அடுக்களை அலமாரியைப் பார்த்துவிட்டு அங்கேயே கொத்தனாரைப் பிடித்துக்கொண்டாய். "அண்ணே, வீட்டுக்காரி எனக்கத் தோளுக்குத்தான் நிப்பா. இம்புட்டு உயரத்துல வச்சா அவ ஏணி போட்டா உப்பு எடுப்பா?" அலமாரியை இறக்கி வைத்த பிறகுதான் நீ சோறு சாப்பிட்டாயாம். வீட்டுக்காரர் இன்றும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

அடுத்த செப்டம்பரில், டியூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நடந்துகொண்டு இருந்தவள் தலை வலிக்கிறது என்று என் தோளைப் பிடித்தாய். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. நான்தான் முதலில் உன் நாடியைப் பிடித்தேன், நான்தான் ஆம்புலன்ஸில் உன்னோடு வந்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன், உனக்கே பிடிக்காது.

இப்போதும் ஆடுகிறேன். அதே கணக்கு, உன் அதே சட்டங்கள். ரூமுக்குப் புதிதாக வந்திருக்கிற தூத்துக்குடிப் பெண் மொத்தத்தையும் ஒரே கையில் வைத்துவிட்டு, "போனாப் போகுது அக்கா, நாளைக்கு ஓசியில கிட்டுமே" என்கிறாள். நான் அவளுக்கு ஒன்றும் சொல்வதில்லை. நான் ஆடுவதைப் பார்த்து ரஹ்மத் திட்டுகிறாள், அதில் எந்தக் குறையும் இல்லை. நீ போன பிறகு கிடைத்த லீவில் ஊருக்குப் போனபோது என் வீட்டை முதல்முறையாகக் கையால் தொட்டுப் பார்த்தேன். உன் அம்மாவையும் போய்ப் பார்த்தேன். என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு, அந்தக் கிறிஸ்மஸை ஒவ்வொரு மணிநேரமாகச் சொன்னார்கள். நீ முந்திரிக்கொத்து பிடித்து எண்ணெயில் போட்டது, பாதியைச் சட்டியிலிருந்தே தின்றது, ராத்திரிப் பூசையில் அவர்கள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனது. "அந்த ஒரு கிறிஸ்மஸ் கிட்டிச்சே மோளே, அது போதும் எனக்கு" என்றார்கள்.

அந்த லீவு யாருக்கு வரவேண்டியது என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை. நூறில் எண்பது தடவை, அந்தக் கிறிஸ்மஸ் அன்று நீ இங்கே முசஃபாவில் யாருக்கோ பிரஷர் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாய்.

எத்தனையோ கைகள் ஜெயித்திருக்கிறேன், ஒன்றும் ஞாபகத்தில் நிற்கவில்லை. தோற்ற அந்த ஒன்றைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதே இரண்டு ஆஸ் இன்னொரு தடவை வந்தாலும் மொத்தத்தையும் வைத்து அப்படியே ஆடுவேன். அப்புறம் அந்த ஐந்தாவது சீட்டு திறக்கும்போது, ராணி வரணும் ஆண்டவரே, ராணி வரணும் என்று கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், எட்டி.