வளைவுக்கு முன்பே கியர்

மார்ச் 3, ஞாயிறு
கார் பந்தயத் தடத்தில் இன்று இருபது சுற்று. எல்லா இடத்திலும் ஒழுங்காகப் போகிற வண்டி நான்காவது வளைவில் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. உள்ளே நுழைந்த பிறகுதான் கியரை இறக்குகிறேன், பின்சக்கரம் வழுக்குகிறது. பயிற்சியாளர் எதற்கெடுத்தாலும் "பொறுமை" என்பார், அதனால் எங்களுக்கு அவர் பெயரே பொறுமை. "சார், பிரேக், கியர் எல்லாம் நேர்ல வரும்போதே முடிச்சிடுங்க. வளைவுக்குள்ள ஸ்டியரிங் மட்டும்தான்" என்றார். தலையாட்டினேன். அடுத்த சுற்றிலும் அதே கதை.

மார்ச் 17
இன்று மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். காட்டிக்கொள்ளத்தான், வேறென்ன. நான்காவது வளைவில் கியரை இறக்கிக் கிளச்சைப் படாரென்று விட்டேன். வண்டி பம்பரமாகச் சுற்றிப் புல்லில் போய் நின்றது. நல்லவேளை, எதிலும் மோதவில்லை.
ஹெல்மெட்டைக் கழற்றினாள். "இனிமே உங்ககூட இதுல உட்கார மாட்டேன்." அவ்வளவுதான். கத்தியிருந்தாகூடப் பரவாயில்ல.

மார்ச் 18
ஸ்கேன் அறையில் நாள் முழுக்க "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று நோயாளிகளுக்குச் சொன்னேன். எனக்குத்தான் மூச்சே சரியா வரல. அவள் கழுத்தில் தைலம் தடவிக்கொண்டு பள்ளிக்குப் பாடம் எடுக்கப் போனாள். கோபம் அவ மேலயா, என் மேலயா?

மார்ச் 24
வாசலில் நிறுத்திய காரிலேயே காலைப் பழக்கினேன். வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கில், ஓரம் ஆக்ஸிலரேட்டரில் — கியர் இறங்கும் நொடியில் இன்ஜினுக்கு ஒரு சின்ன உறுமல். அப்போதுதான் வண்டி குலுங்காதாம். மகள் ஜன்னலைத் தட்டினாள்: "வண்டியே நகரல, உங்களுக்கு ஏன்ப்பா வேர்க்குது?"

மார்ச் 27
கால் வலி.

மார்ச் 31
தனியாகப் போனேன். பத்துச் சுற்றில் ஏழு சரி. சாப்பிடும்போது அவளிடம் அதைச் சொன்னேன், கூடவே இதையும்: "அன்னைக்கு உனக்குக் காட்டணும்னுதான் அப்படி ஓட்டினேன். தப்பு."
"அது அன்னைக்கே தெரியும்" என்றாள். ரசம் ஊற்றிக்கொண்டே, "மீதி மூணு?" என்றாள்.
"இன்னும் அவசரம்."

ஏப்ரல் 21
அவளே ஹெல்மெட்டோடு வந்து உட்கார்ந்தாள். நிதானமாக மூன்று சுற்று. நிறுத்தியதும், "நாலாவது வளைவுல எப்பங்க கியரை இறக்குனீங்க? தெரியவே இல்லையே" என்றாள்.
கிளம்பும்போது பதிவு மேஜைப் பக்கம் போனாள். அடுத்த ஞாயிறுக்கான தாளில், ஓட்டுபவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். "நீங்க பக்கத்துல உட்காருங்க."
பக்கத்து சீட் பெல்ட்டை இப்பவே ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துட்டேன்.