ரத்தத்தில் விஷம்

ஐப்பசி 9

அடைமழை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. ரத்தப் புற்றுநோய்க்கு என் வீட்டுக்காரருக்கு ஏற்றிய மருந்து நேற்றோடு முடிந்தது. வாயெல்லாம் புண், கஞ்சிகூட இறங்கவில்லை. பள்ளியில் என் பொறுப்பிலுள்ள சத்துணவுக் கூடத்தை ஆயா பார்த்துக்கொள்கிறாள். முட்டை அழுகாமல் இருந்தால் சரி.

சாயங்காலம் மிராசுதார் மகன் சேகர் வந்தார். குத்தகை நிலத்தை விடச் சொல்லி எங்கள்மேல் கேஸ் போட்டவர். குத்தகைப் பதிவு வீட்டுக்காரர் பேரில். இவர் இருக்கும்வரை அசைக்க முடியாது. கையில் இளநீர், சீவி, ஸ்ட்ரா சொருகி. ஏன் வெளியிலேயே சீவினார்? இவர் ஆசையாகக் குடித்துவிட்டார்.

ஐப்பசி 10

விடியற்காலை குளிர்நடுக்கம். உடம்பு கொதிக்கிறது, பி.பி. இறங்கிவிட்டது. டாக்டரம்மா ஓடி வந்தார். என்ன ஆச்சு என்றேன்.

"ரத்தத்துல விஷம் ஏறிடுச்சும்மா."

நினைத்தேன்.

இளநீர் மட்டையைப் பையில் கட்டிக் கட்டிலுக்கடியில் வைத்தேன். போலீசுக்குக் காட்ட. சேகரை உள்ளே விடாதீங்க என்று வாட்ச்மேனிடம் சொன்னேன். ஆனாலும் வராந்தாவிலேயே நிற்கிறார். எதைப் பார்க்க?

ஐப்பசி 12

நாற்றம் பிடித்து நர்ஸ் பையைக் கண்டுபிடித்தார். "வெள்ளணுவே இல்லாத ஆளுங்க. ஈ மொய்க்கிற மட்டைய அவர் கட்டிலுக்கடியில வெச்சிருக்கீங்க." தூக்கி எறிந்தார். சாட்சி போச்சு.

டாக்டரம்மா உட்கார வைத்துச் சொன்னார். யாரும் கொடுத்த விஷமில்லை. இவர் குடலில் இருந்த கிருமியே, தடுக்க வெள்ளணு இல்லாமல் ரத்தத்தில் கலந்துவிட்டது. டெஸ்டில் தெரிந்ததாம். அந்த மட்டைதான் ஆபத்து என்றார். நானே கொன்றிருப்பேன்.

மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் வேண்டும், கையிருப்பு இல்லை. வராந்தாவிலிருந்து சேகர், "டீச்சர், எனக்கு அதே குரூப்தான்."

நர்ஸ் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன்.

சேகர் ரத்தம் சொட்டுச் சொட்டாக இவருக்குள் இறங்குவதைப் பார்த்தபடியே இருந்தேன்.

ஐப்பசி 15

மழை விட்டது. காய்ச்சலும். அரை டம்ளர் கஞ்சி குடித்தார். சம்பா வயலில் தண்ணீர் வடிந்ததா என்று கேட்டார். அழுதுவிட்டேன்.

சேகர் தினமும் வந்து வெளியே நிற்கிறார். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. ரத்தம் தந்தது யாரென்று தெரிந்தால் என் வீட்டு மனுஷன் நன்றிக்கென்று கேஸில் விட்டுக்கொடுத்துவிடுவார்.

"யாரு ரத்தம் செல்வி?" என்று இவர் கேட்டார்.

"பிளட் பேங்க் ரத்தம்" என்றேன்.