டாவியன் எறியாத பந்து

அன்புள்ள உனக்கு,

நேற்றும் தோற்றோம். நம் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு இந்த வருடம் வந்த குவார்ட்டர்பேக் டாவியன், சக ஆட்டக்காரர்களுக்குப் பந்தை எறிந்து கொடுக்க வேண்டியவன், எறிவதே இல்லை. தன் ஆள் யாராவது முழுக்கத் தனியாக நிற்கட்டும் என்று காத்திருக்கிறான். அதற்குள் எதிரணித் தடியர்கள் அவனைத் தரையில் சாய்த்துவிடுகிறார்கள். சின்னப் பையன், கற்றுக்கொள்வான் என்கிறார்கள். எனக்கு நம்பிக்கையில்லை.

நமக்குப் பின்வரிசையில் உட்காரும் எர்ல் கத்தினார். "எறிடா டேய்! அது என்ன முட்டையா, அடைகாக்குற?"

நானும் எழுந்து கத்தினேன்.

"அடேங்கப்பா, உனக்குக்கூட கத்த வருமா!" என்றவர் உன் காலி இருக்கையைப் பார்த்தார். "வீட்டுக்காரருக்கு இன்னுமா சளி விடல?"

செப்டம்பரிலிருந்து நான் சொல்லிவரும் காரணம் அது. அவர் மனைவி ஃபிலிஸ், ஆட்டத்துக்கு முன் ரசிகர்கள் எல்லாரும் கார் நிறுத்துமிடத்தில் அடுப்பு மூட்டிச் சமைக்கும்போது காய்ச்சிய கோழி சூப்பில் உனக்கென்று ஒரு டப்பா கொடுத்தாள். மறுக்க முடியவில்லை.

டப்பா ஃபிரிட்ஜில் இருக்கிறது. நீ வீட்டைவிட்டுப் போன அன்றே எழுத நினைத்தேன். சரியான சொல் கிடைக்கட்டும் என்று இருந்துவிட்டேன். இன்னும் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வா.

இப்படிக்கு,
உன் பக்கத்து இருக்கைக்காரி