நெய் விடாத கோவா

5.5.88 வியாழன்

கத்திரி நேத்துத் தொடங்கிருச்சு. அடுப்படியில நிக்க ஏலல. ரெண்டு சட்டி கிண்டினேன், ரெண்டும் கோளாறு. கோவா திரளுது, ஓரத்துல நெய் பிரிஞ்சு விடல. உருட்டினா உதிருது. சீனி ஒரு கை கூடப் போட்டுச் சமாளிச்சேன். வழக்கமா வாங்குற ஆள், "என்னக்கா, மாவு கலந்தியா?"ங்கான். வாயில வந்ததை முழுங்கிட்டேன். நம்ம கடைப் பால்கோவாவைப் பார்த்து இப்படி ஒருத்தன் கேட்டதே இல்ல.

பால் அம்புட்டும் செட்டியார்பட்டிப் பால். எம்மக கோதையைக் கொடுக்கப்போற வீட்டுப் பால். நிச்சயத்துக்குப் பொறவு வேற யார்கிட்டயும் வாங்கல. ஆவணியில கல்யாணம்.

வாங்க: புளி, கோதைக்கு ரிப்பன். தையக்கடையில ஜாக்கெட்.

6.5.88 வெள்ளி

அதே கதை. பால்மானி போட்டா சரியாத்தான் நிக்குது. தண்ணி இல்ல. அப்ப என்ன எழவு?

கோதை அப்பா அவியளுக்குச் சந்தேகமே இல்ல. "ஆடையை எடுத்திட்டு அனுப்புதாக. வெண்ணெய் அவுகளுக்கு, வெறும் பால் நமக்கு. பொண்ணு கொடுக்கிறவன் வாயைத் திறக்க மாட்டான்னு தைரியம்."

மாப்பிள்ளையோட அம்மா பேச்சி மதினி அப்படிச் செய்வாளா? செய்ய மாட்டான்னு அடிச்சுச் சொல்ல முடியல. செய்வான்னும் மனசு வரல. கோதை எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு நின்னிருக்கா. சாயங்காலம் பலகாரத்தைத் தொடல.

8.5.88 ஞாயிறு

என் வாய் சும்மா இருந்தாத்தானே! முத பஸ்ல சம்பந்தி அண்ணாச்சி கேன் கொண்டாந்தாக. "ஆடை எல்லாம் எங்க போகுதுன்னு மதினிகிட்டக் கேளுங்க"ன்னு சிரிச்சிக்கிட்டேதான் சொன்னேன். அவுக சிரிக்கல.

மத்தியான பஸ்ல மதினியே வந்துட்டா. வாசப்படி தாண்டல. மோர் கொடுத்தேன், வாங்கல. "நாளைக்கு நீயே வா. உன் கண்ணு முன்னால கறக்கேன். உன் சட்டியிலயே காய்ச்சு. கல்யாணம் இருக்கா இல்லையான்னு பொறவு பேசுவோம்." போயிட்டா. மோர் அப்படியே கிடந்து புளிச்சுது.

கோதை: "ஏம்மா உனக்கு இந்த வாய்?" மோரை எடுத்துக் கொட்டினேன்.

9.5.88 திங்கள்

போனேன். மாட்டுக் கொட்டகை புதுத் தகரம், வெயில்ல கண்ணு கூசுது. உள்ள கால் வச்சா இட்டிலிக் கொப்பரை. மூணு ஜெர்சி மாடும் நாக்கைத் தள்ளி இரைக்குது. எச்சி ஒழுகுது. வைக்கோல் போட்டது போட்டபடி. தவிட்டுத் தொட்டி மட்டும் காலி.

"வைக்கோலை மோந்துகூடப் பார்க்க மாட்டேங்குது. பால் குறையக் கூடாதேன்னு தவிடும் மக்காச்சோள மாவும் கூடக் கூட வைக்கேன்." இதை மதினி மாட்டைப் பார்த்துச் சொன்னா. என்னைப் பார்த்து இல்ல.

கண் முன்னால கறந்தா. கேனை மடியிலயே வச்சுக்கிட்டு பஸ்ல வந்தேன், ஒரு ஈ தொடல. காய்ச்சினா, நெய் விடல!

அவிய சட்டியையே பார்த்துக்கிட்டு நிக்காக. களவும் இல்ல, கலப்படமும் இல்ல. சந்தோசப்படணுமா? அழுகை வருது. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மன்னிப்புக் கேக்க?

10.5.88 செவ்வாய்

ராஜபாளையம் மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாவை மதினி கூட்டியாந்திருக்கா. நானும் போனேன். வான்னும் சொல்லல, வராதேன்னும் சொல்லல.

வாய் வழியா ரப்பர் குழாய் விட்டு ஜெர்சி வயித்துத் தண்ணி எடுத்தாக. புளிச்ச நாத்தம். பக்கத்து வீட்டு வேப்பமரத்தடியில ஒரு நாட்டுமாடு, செவலை. அதுலயும் எடுத்தாக. சூடு ஆறக் கூடாதாம். ஒண்ணை மதினி பிளாஸ்க்ல, ஒண்ணை என் காபி பிளாஸ்க்ல ஊத்தினாக. இனி அதுல எவன் காபி குடிப்பான்!

ஆஸ்பத்திரியில ஒரு சொட்டைப் பெரிசாக் காட்டுற கண்ணாடியில வச்சு, "பாருங்க"ன்னாக. செவலைத் தண்ணியில என்னென்னமோ உயிர், ஆடிப்பூரத் தேர்க்கூட்டம் மாதிரி நெரியுது. ஜெர்சித் தண்ணியில ஒண்ணு ரெண்டு, அதுவும் சவலையா.

"பூச்சி மருந்து கொடுக்கணுமா?"ன்னேன். டாக்டரம்மா தலையில அடிச்சுக்கிட்டாக. "ஐயோ, இதுங்க இருந்தாத்தான் மாடு! வைக்கோலைச் செரிக்கிறதே இதுங்கதான். இதைவிடப் பொடிசு கோடி கோடியா இருக்கு, கண்ணாடியிலயும் சரியாத் தெரியாது. வெக்கையில மாடு வைக்கோல் தின்னாம, அசைபோடாம, மாவா முழுங்குது. வயிறு புளிச்சுப்போகுது. நல்லது குறையுது, வேற வகை பெருகுது. அதான் பால்ல நெய் இல்ல."

அப்ப தின்னுறது மாடா, மாட்டுக்குள்ள இருக்கிறதா? பஸ் பூராவும் யோசிச்சேன், ஒண்ணும் விளங்கல.

இன்னொண்ணு. "தகரம் எப்பப் போட்டீங்க?"ன்னு டாக்டரம்மா கேட்டாக. "பங்குனியில. நிச்சயத்துக்கு முந்தி"ன்னா மதினி. வீடு பார்க்கப் போனப்ப, "ஓலைக் கொட்டகையா? எம்மக சாணி அள்ளும்போது தேள் விழுமே"ன்னது நாந்தான். பெத்தவ பயத்துல சொன்னது. அதுக்காகவா ஓலையைப் பிரிச்சாக?

12.5.88 வியாழன்

மாடுகளை வேம்புக்கு மாத்தியாச்சு. தகரத்து மேல தென்னங்கிடுகு. மாவைக் குறைக்கணும், சோடாஉப்பு கொஞ்சம், வெயில் தாழ வைக்கோல். அப்புறம் செவலை அசைபோடுறப்ப வாயிலிருந்து அசை உருண்டையை எடுத்து ஜெர்சிக்கு ஊட்டணுமாம், அந்த நல்ல உயிருக இதுலயும் பெருகுறதுக்கு.

"எச்சிலையா?"ன்னேன்.

"மாட்டுக்கு ஏதுட்டி எச்சில்?" நாலு நாளைக்குப் பொறவு மதினி எங்கிட்டப் பேசின முத வார்த்தை.

அவ செவலை வாயில கை விட்டு உருண்டையை எடுத்தா. நான் ஜெர்சி தாடையைப் பிடிச்சேன். "பிடி." "விடு." "நல்லாப் பிடி." மன்னிச்சிருங்க மதினின்னு சொல்ல வாயெடுத்தேன். ஜெர்சி தலையை உதறி எச்சியை ரெண்டு பேர் மூஞ்சியிலயும் அடிச்சிருச்சு. போச்சு.

20.5.88 வெள்ளி

கேன் கண்டக்டர் கையில வருது. அண்ணாச்சி வாரதில்ல. கோதை பேசறதில்ல. நெய் லேசா மினுக்குற மாதிரி இருக்கு. மினுக்குதா, என் ஆசையா?

1.6.88 புதன்

மேற்கே மலைப்பக்கம் மேகம். குளுந்த காத்து, சாரல் வாடை. சட்டியில நெய் விட்டுச்சு! ஓரமெல்லாம் பளபளன்னு.

அசையினாலயா, வேம்பா, வைக்கோலா, இந்தக் காத்தா? "எல்லாந்தான்"னாகளாம் டாக்டரம்மா. எனக்கு இன்னும் விளங்கல.

இதைச் சொன்னது மதினி. கேனை அவளே தூக்கிட்டு வந்தா. உள்ள வந்தா. பலகையில உக்காந்தா. தண்ணி கொடுத்தேன், வாங்கிக் கீழ வச்சுட்டா. சட்டியிலிருந்து சுடச்சுட ஒரு உருண்டை, வாழையிலையில வச்சு நீட்டினேன். பார்த்தா. கதவோரம் நின்ன கோதையைப் பார்த்தா. எடுத்து வாயில போட்டா. செவலை மாதிரி மென்னுக்கிட்டே இருக்கா.

"சீனி ஒரு கை கூடிப்போச்சு"ன்னா.

கோதை குபுக்குன்னு சிரிச்சிட்டா.

நாளைக்கு ஒரு கை குறைக்கணும்.