சூரியனுக்கு முன்னே திரும்பி வந்த விளக்கு

டிரோம்சோ
11 ஜனவரி 1977, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள யோரூன்,

இங்கே நான் நலம். அங்கே நீ நலம் என்று உன் கடிதத்தில் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறாய். ஒரே ஓர் இடத்தில் எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். கடிதமும் பார்சலும் சனிக்கிழமை ஒன்றாகவே வந்தன. தபால்காரர் வாசலில் நின்று பனியை உதறிக்கொண்டே, என்னம்மா வார்டோலேர்ந்து மக கருவாடு அனுப்பிச்சிருக்கா போலிருக்கே, வாசனையே காணோமே என்று கேலி செய்தார். வாசனை வராதபடி கட்டத் தெரிந்த பெண்ணைத்தான் வளர்த்திருக்கிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். பிரித்தால் உள்ளே உன் ஜன்னல் விளக்கு. அப்பா கப்பல் வேலையில் இருந்தபோது பெர்கனில் வாங்கி வந்த அதே பச்சைக் கண்ணாடி விளக்கு, அதைச் சுற்றி நான் பின்னிக் கொடுத்த கையுறைகள், அதற்கும் மேலே அப்பாவின் சிவப்புக் கம்பளித் தொப்பி. உங்களிடமே இருக்கட்டும் அம்மா, விடுதி முழுக்க விளக்கு எரிகிறது, எனக்கு இனி இது தேவைப்படாது என்று ஒரு துண்டுச் சீட்டு. அந்தச் சீட்டை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லப்போவதில்லை.

நவம்பரில் நம் வடகோடியில் சூரியன் இரண்டு மாதத்துக்கு மறைகிற அன்று ஜன்னலில் வைக்கும் விளக்கை அது திரும்பி வரும்வரை யாரும் எடுப்பதில்லை. உங்கள் ஊரில் சூரியனை வரவேற்றுக் கோட்டைப் பீரங்கி முழங்கிய பிறகுதான் எடுக்கிறார்கள் என்று போன வருஷம் நீயே எழுதினாய். பீரங்கிக்கு இன்னும் ஒன்பது பத்து நாள் இருக்கிறது. உன் ஜன்னல் இப்போது இருட்டாக இருக்கிறது, அதை நீயே செய்திருக்கிறாய். இந்தக் கடிதம் உன் விடுதி மாணவர்களைப் பற்றி அல்ல, உன்னைப் பற்றி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடுவில் எனக்குத் தைரியம் போய்விடலாம்.

உண்மையைச் சொன்னால் இது நான் உனக்கு எழுதிய முதல் கடிதம் இல்லை. சனிக்கிழமை மாலையே இரண்டு பக்கம் எழுதினேன். கண்ணாடிச் சாமானைச் செய்தித்தாள் சுற்றாமல் கையுறையில் பொதிந்து அனுப்புவது என்ன பழக்கம், கடிதத்தில் தேதி இல்லை, வரிகள் எல்லாம் வலது பக்கம் சரிந்து போகின்றன, மடத்துப் பள்ளியில் இப்படி எழுதியிருந்தால் கொர்னேலியா சிஸ்டர் கிழித்துக் கையில் கொடுத்திருப்பார் என்றெல்லாம் எழுதினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது எனக்கே பயமாக இருந்தது. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் இதே மாதத்தில் இதே தவற்றை நான் ஒரு முறை செய்திருக்கிறேன். அந்த இரண்டு பக்கத்தையும் அடுப்பில் போட்டுவிட்டேன். அந்தத் தவறு என்னவென்று பின்னால் சொல்கிறேன், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஆனால் நீ ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுவது மரியாதை இல்லை. இருட்டு மாதங்களில் பிள்ளைகள் சோர்ந்து போகாமல் பார்த்துக்கொள்ள நீங்கள் நடத்திய ஆசிரியைப் பயிற்சி விடுதியில் என்ன செய்தீர்கள் என்று கேட்டாய். பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்திருக்க வேண்டும், தூக்கம் வந்தாலும் வராவிட்டாலும். கஞ்சிக்கு முன்னால் ஒரு கரண்டி மீனெண்ணெய், முகம் சுளிக்கிறவர்களுக்கு இரண்டு கரண்டி. சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் சாயவிடாதே, சாய்ந்தால் அந்த நாள் போயிற்று. பதினொன்றிலிருந்து ஒரு மணி வரைக்கும் வானம் கொஞ்சம் நீலமாக வெளுக்கும் அல்லவா, அந்த நேரத்தில் புயல் அடித்தாலன்றி ஒருவரும் கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் பிறர் நம்பியிருக்கிற ஒரு வேலை கொடு. உன் மாணவன் பியார்னேயைப் பற்றி நீ, எப்போதும் தூங்கி வழிகிறவனிடம் காலை மணியடிக்கும் வேலையைக் கொடுத்தேன், அவன் அடிக்காவிட்டால் இருபத்தேழு பேருக்குக் கஞ்சி இல்லை, இப்போது எனக்கு முன்னால் எழுந்து நிற்கிறான் என்று எழுதியிருந்தாயே, அது நான்கூட யோசிக்காத காரியம். நான் சுலபமாக யாரையும் மெச்சுகிறவள் அல்ல என்பது உனக்குத் தெரியும். வியாழக்கிழமை வாஃபிள் சுடு, அந்த மணத்துக்காகவாவது புதன்கிழமையைக் கடத்துவார்கள். அழுகிறவர்களைப் பற்றி அதிகம் கவலைப்படாதே, அழுகிறவர்கள் உன்னைத் தேடி வருவார்கள். திடீரென்று ஒரு நாள் காரணம் இல்லாமல் லேசாகி, எல்லாரிடமும் இனிமையாகப் பேசி, தன் பொருள்களை இது உனக்கு அது அவளுக்கு என்று கொடுக்கத் தொடங்குகிறவர்களைப் பார். அவர்களைத் தனியாக விடாதே.

இந்தக் கடைசி விஷயம் மட்டும் ஒரு மாணவியைப் பார்த்து நான் கற்றதல்ல.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஃபோன் செய்தேன். நீ சிரித்தாய். எல்லாம் பிரமாதம் அம்மா, பசங்க காத்துட்டிருக்காங்க, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டாய். உன் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே நேற்று நீ வகுப்பில் இருக்கும் நேரம் பார்த்துச் சமையலறைக்கு ஃபோன் போட்டு உங்கள் சமையற்காரி ஓட்னியிடம் பேசினேன். உனக்குக் கோபம் வரும், வரட்டும். அவள் முதலில், ஐயோ அம்மா, அவங்களுக்கு என்ன, இந்த ஊர்ல ரெண்டு மாசமா இருக்கிற ஒரே சூரியன் அவங்கதான், என் குழம்பைக்கூட நல்லா இருக்குன்னு சொல்றாங்கன்னா பாத்துக்கங்களேன் என்றாள். சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறாளா, சாப்பிடாமல் சொல்கிறாளா என்று கேட்டேன். அந்தப் பக்கம் கரண்டியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, தட்டை எடுத்துட்டு மேல போயிடறாங்க அம்மா, அப்படியே திரும்பி வருது, நானும் கிறிஸ்துமஸ்லேர்ந்து பாத்துட்டுத்தான் இருக்கேன் என்றாள். பதினோரு மணி நடைக்குப் பிள்ளைகளை எல்லாம் வாசல் வரை விரட்டிவிட்டு நீ மட்டும் உள்ளே திரும்பி அறைக்குப் போய்விடுகிறாயாம். உன் தோல் கையுறையை ஒரு பெண்ணுக்கும் உன் பனிச்சறுக்குக் கட்டைகளை பியார்னேக்கும் கொடுத்துவிட்டாயாம். கதவைத் தட்டிக் கேட்கக் கூடாதா பெண்ணே என்றேன். அவங்க பெரிய படிப்பு படிச்சவங்க, நான் மீன் கழுவறவ, அவங்க கதவைத் தட்ட நான் யாரு அம்மா என்றாள். நம் ஊர்ப்பக்கத்தில் இதுதான் வியாதி யோரூன். பக்கத்து வீட்டுப் புகைபோக்கியில் புகை வருகிறதா என்று ஜன்னலில் நின்று பார்ப்போம், கதவைத் தட்டமாட்டோம். அது மரியாதைக் குறைவு.

இப்போது அஸ்லாக்கைப் பற்றிச் சொல்கிறேன். அப்போது உனக்கு எட்டு வயது. உன்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு குன்றுப் பாதையில் ஓடுவாளே, உனக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்தாளே, எங்கள் விடுதியில் உடற்பயிற்சி ஆசிரியை, அந்த அஸ்லாக். அந்த வருஷம் அவள்தான் நாற்பத்திரண்டு பெண்களையும் கட்டிலிலிருந்து இழுத்துப் போட்டு வெளியே கொண்டுபோவாள். எழுந்திரிங்கடி கரடிகளா, கரடிகூட மார்ச்சுல எழுந்துடும் என்று வராந்தாவில் கத்திக்கொண்டே போவாள். நான் பட்டியலோடு வாசலில் நிற்பேன், பெயர் வாசிப்பேன், பனிக்குள்ளிருந்து உள்ளேன் உள்ளேன் என்று குரல் வரும். ஒரு பெயருக்குக் குரல் வராவிட்டால் அவள் கிடைக்கும்வரை யாரும் நகரமாட்டோம். என் பட்டியலில் ஒரு பெண்ணும் தொலைந்ததில்லை. அதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா, அதிகாரிகளுக்கு எழுதுகிற அறிக்கையில்கூட எழுதுவேன்.

சூரியன் வருவதற்கு மூன்று நாள் முன்னால் அஸ்லாக் என் அறைக்கு வந்தாள். கையில் அவள் ஜன்னல் விளக்கு. இதை நீங்க வெச்சுக்கங்க, எனக்கு இனி வேண்டாம் என்றாள். முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, ஜன்னல் விளக்கைச் சூரியன் வருமுன் எடுப்பது எந்த ஊர் வழக்கம், மாணவிகளுக்கு எடுத்துக்காட்டாக இருக்க வேண்டியவள் நீ, கொண்டுபோய் இருந்த இடத்தில் வை என்றேன். சரிம்மா என்றாள். கொண்டுபோய் வைத்தாள். அவ்வளவுதான். ஏன் என்று ஒரு சொல் நான் கேட்கவில்லை. வழக்கத்தைத் திருத்தினேன், ஆளைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் எல்லாரும் குன்றின்மேல் ஏறினோம். மேகம் விலகிச் சூரியன் ஒரு நகக்கீற்று அளவு தெரிந்தது, பெண்கள் கத்தினார்கள், ஜாம் வைத்த பன்னைத் தின்றார்கள், நான் பட்டியலை வாசித்தேன், நாற்பத்திரண்டு குரலும் வந்தது. எல்லாரும் இருக்கிறார்கள் என்று சொல்லி இறக்கிக் கூட்டிவந்தேன். அஸ்லாக் இல்லை என்பது இரவுச் சாப்பாட்டில்தான் தெரிந்தது. அவள் பெயர் பட்டியலில் கிடையாது. பெயர் வாசிக்கிறவர்களின் பெயரை யாரும் எழுதி வைப்பதில்லை. அவள் தெற்கே வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டாள் என்று உன்னிடம் சொன்னேன், நீ ஒரு மாதம் அவளுக்குக் கடிதம் எழுதி என்னிடம் தபாலில் போடக் கொடுத்தாய். அவள் தெற்கே போகவில்லை. பனி உருகியபோது கடற்கரையில்தான் கிடைத்தாள். உன் கடிதங்கள் ஐந்தும் என்னிடம் இருக்கின்றன. இதை உன் அப்பாவைத் தவிர யாரிடமும் நான் சொன்னதில்லை.

ஆகவே நான் வருகிறேன். இந்தக் கடிதம் இன்று மாலைக் கப்பலில் ஏறுகிறது, நான் நாளை மாலைக் கப்பலில். இதே கப்பலில் வந்திருக்கலாம், ஆனால் என்னை எனக்குத் தெரியும், உன்னைப் பார்த்ததும் என் வாய் உன் காலணி நனைந்திருப்பதைப் பற்றித்தான் முதலில் பேசும். எழுத்தில்தான் எனக்கு உள்ளதைச் சொல்ல வருகிறது. இடுப்பு ஒடிந்து கிடக்கிற மார்கிட் அத்தை, இந்த வயசுல தனியா போறியா, பித்துப் பிடிச்சிருக்கா உனக்கு என்று திட்டினாள், அவளுக்கு இரண்டு வாரத்துக்கு ரொட்டியும் கரியும் சொல்லி வைத்துவிட்டேன். எத்தனை நாள் இருப்பேன் என்று கேட்காதே. சமையலறையில் உருளைக்கிழங்கு உரிப்பேன், ஓட்னியின் குழம்பைத் திருத்துவேன். அவளிடம் நேற்றே சொல்லிவிட்டேன், கதவைத் தட்டு, தட்டில் உள்ளது தீரும்வரை பக்கத்தில் உட்கார், விரட்டினாலும் போகாதே, பெரியம்மா உத்தரவு என்று சொல். அவளைக் கடிந்துகொள்ளாதே. ஊர் டாக்டரிடமும் வெள்ளிக்கிழமை நேரம் கேட்டிருக்கிறேன், உனக்கு என்று சொல்லியே கேட்டிருக்கிறேன், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, நான்தான் வெகுகாலம் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் கோட்டையில் இருக்கிற ஒற்றை மரத்துக்குக்கூடக் குளிர்காலத்தில் கம்பளி சுற்றிக் காவல் வைக்கிறார்கள் என்று நீதானே எழுதினாய். அது ஒரு மரம்.

கடவுள் உன் பக்கத்தில் இருக்கட்டும், அப்பா எங்கிருந்தாலும் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். நான் கேட்பது இரண்டுதான். இது உன் கையில் கிடைக்கும் வியாழக்கிழமை, பதினோரு மணிப் பட்டியலில் எல்லாப் பெயருக்கும் கீழே உன் பெயரை எழுது, அதை பியார்னே வாசிக்கட்டும், நீ வெளியே பனியில் நின்று பிள்ளைகளுக்குக் கேட்கும்படி உள்ளேன் என்று சொல். அன்று மாலை ஓட்னியின் விளக்கு ஒன்றை வாங்கி உன் ஜன்னலில் வை. உன்னுடையதை என் மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன், இந்தமுறை செய்தித்தாள் சுற்றி. வெள்ளிக்கிழமை கப்பல் துறைக்குள் திரும்பும்போது நான் மேல்தளத்தில் நிற்பேன். மலைச்சரிவில் மூன்றாவது கட்டடம், கடல் பக்கம், மேல்மாடியில் இடக்கோடி ஜன்னல். இருட்டிலும் எனக்கு அடையாளம் தெரியும். அது எரிந்துகொண்டிருக்க வேண்டும் யோரூன்.

உன் அம்மா,
போர்ஹில்ட்